அரைப்புள்ளி

நாற்பத்தெட்டுப் பக்கம். முந்நூற்றுப் பதினொரு குமிழி.
எழுத்து ஒன்பது புள்ளி, வரிக்கு வரி பன்னிரண்டு
என்று முதல் நாளே மஞ்சள் தாளில் எழுதித்
திரையின் ஓரத்தில் ஒட்டினேன்.
கத்தினால் தடிப்பு. வானொலி என்றால் சதுரப் பெட்டி.
சாய்வெழுத்து வேண்டாம்:
சாய்த்த தமிழ், ஹாமில்டன் பேருந்தில்
பிடிக்கக் கம்பி கிடைக்காத ஆளைப்போல் நிற்கும்.

கதை பூங்கோதையினுடையது.
இழுவை வண்டி ஓட்டுகிறாள்.
புயல் இரவுகளில் நெடுஞ்சாலைப் பள்ளத்திலிருந்து
கார்களை வெளியே எடுக்கிறாள்,
சிலவேளை உரிமையாளர்களையும்.
அதிகம் கதைக்கமாட்டாள்.

வரைந்தவன் யசோதரன். அவனுக்குப் பனிதான் கதாநாயகி.
பேச்சுக்கு அவன் விட்டுவைத்த இடம்
ஆங்கிலத்துக்குப் போதும்.
தமிழில் அவள் வாய் திறந்தால்
'இழுத்துக்கொண்டிருக்கிறேன்' என்று
ஒரே சொல் குமிழியின் இரு சுவரிலும் இடிக்கிறது.
பன்னிரண்டாம் பக்கத்தில் மென்பொருளே அதை உடைத்தது.
'க' ஒரு வரியில் நின்றுவிட்டது.
அதன் கொம்பு அடுத்த வரியில்,
ஆளில்லாத ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு.

கடைசி அத்தியாயத்தைக் கௌசிகா பாமினியில் அடித்து அனுப்பியிருந்தாள்.
ஒட்டியதும் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை.
மெய்யெழுத்தின் புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம்
ஒரு அரைப்புள்ளி.
மாற்றி முடிக்க விடியப்புறம் மூன்று மணி.
ஜன்னலுக்குக் கீழே பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு
ஒரே வீதியை மூன்றாம் தரம் வாரியது.

களைப்பில்தான் களவு தொடங்கியது.
முப்பத்தோராம் பக்கம்:
'நீ இறங்கும்வரை நான் இதைவிட்டு அசையமாட்டன்.'
அடங்கவில்லை. எட்டரை ஆக்கினேன்.
அரைப்புள்ளிதானே, ஆர் பார்க்கப்போகினம்?
நாற்பதில் இன்னுமொரு அரை.
நாற்பத்துநாலில் பக்கத்தையே மொத்தமாகத் தெரிந்து
ஏழரை.
ஏழரை என்று நானே சிரித்துக்கொண்டேன்.
சிரித்திருக்கக்கூடாது.

மெய்ப்புப் பார்த்தவள் தர்மினி.
ஆஸ்பத்திரி இரவு வேலையில், சாப்பாட்டு நேரத்தில்,
கைபேசியைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசிக்கிறவள்.
ஒரு எழுத்துப்பிழையும் சொல்லவில்லை.
'முப்பத்தொண்டிலை இவள் ஏன் குசுகுசுக்கிறாள்?' என்றாள்.
'நாற்பதிலை இன்னும் பயந்துபோனாள்.
ஆருக்கு?'

ஒருவருக்கும் இல்லை, தர்மினி.
அவளுக்கு இடம் காணவில்லை, அவ்வளவுதான்
என்று சொல்ல வாயெடுத்துவிட்டு
கைபேசியை வைத்தேன்.

மறுநாள் பார்ட்டன் வீதி அச்சகத்தில் சோதனைத் தாள்.
நாற்பத்துநாலு.
வழுக்கிக்கொண்டு வரும் லொறிக்கு முன்னால்
நடுத்தெருவில் பூங்கோதை, ஒரு கை மேலே.
நான் எழுதியது: நில்!
ஏழரையின் தடித்த எழுத்தில் மை பரவிப்
புள்ளி, ல-வுக்குள் புதைந்துபோயிருந்தது.
பதினெட்டுச் சில்லு லொறியிடம் அவள்
'நில' என்கிறாள்,
நிலவைச் சொல்ல வந்து பாதியில் மறந்தவள்போல.

யசோதரனுக்கு எடுத்தேன்.
'முப்பத்தொண்டிலை இரண்டு சென்டிமீட்டர் பனி வேணும்.'
'அந்தப் பனி எனக்கு இரண்டு நாள்.'
'தெரியும்.'
'நீ வசனத்தை வெட்டு.'
'அவள் பேசுறதே பன்ரண்டு வசனம்.'
கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில்
தேத்தண்ணி கலக்கும் கரண்டி மட்டும் கேட்டது.
பின்னேரம் கோப்பு வந்தது.
பனியில் கைவைக்கவில்லை.
ஒரு விளக்குக் கம்பத்தை எடுத்துவிட்டிருந்தான்,
அதன் வெளிச்சத்தை மறந்துபோய் விட்டிருந்தான்.
நான் சொல்லவில்லை.

எல்லாம் திரும்ப ஒன்பது.
முந்நூற்றுப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கி,
அளவைப் பார்த்து, அடுத்ததற்குப் போய்.
கண் எரிந்தது.
இரண்டாவது சோதனைத் தாளை
அச்சகத்து வாசலிலேயே, கையுறையோடு பிரித்தேன்.
நில்!
தலைக்குமேல் புள்ளி, கடுகுபோல், தனியாக.

நாற்பத்தைந்தில் லொறி நின்றிருந்தது.
அது போன இலையுதிர்காலத்திலேயே
வரைந்து முடித்த படம்தான்.
என்றாலும் ஒருதரம்
திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.